ஒகடாயிக் அமிலம்: அதே அளவு, அதே செல், இரண்டு விதமான விடை. ஏன்?

நள்ளிரவு_ஜெல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி காட்டினால் நன்றாக இருக்கும்.

ஏகேடி ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி. அதன் 308ஆம் இடத்துத் திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஏறும் பாஸ்பேட்டைக் கழற்றுவது பிபி2ஏ என்ற பாஸ்பேட்டேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) என்று எங்கள் செல்லில் காட்ட வேண்டும். அதை அடக்கும் தடுப்பானான ஒகடாயிக் அமிலத்தை எடுத்தேன். விற்பனைப் பட்டியலில் பிபி2ஏ-வுக்கு ஐசி50 (நொதியைப் பாதி அடக்கும் செறிவு) 0.1 நானோமோலார், அதன் உறவு நொதியான பிபி1-க்கு 10-க்கு மேல் என்று போட்டிருந்தது. சரி, பத்து மடங்கு வைத்தால் பிபி2ஏ முழுதாக அடங்கும், பிபி1 தப்பிக்கும் என்று கணக்குப் போட்டு 1 நானோமோலார் கொடுத்தேன். 16 மணி நேரம்.

ஆறு குழித் தட்டு, குழிக்கு 2 மில்லி ஊடகம். ஒரு குழியில் 2 லட்சம் செல். அதில் பாஸ்போ பேண்ட் (308-இல் பாஸ்பேட் ஏறிய ஏகேடியைக் காட்டும் பட்டை) தடிமனாக ஏறியது. பக்கத்துக் குழியில் செல்கள் நிரம்பி ஒட்டிக்கிடந்தன, எண்ணிப் பார்த்ததில் சுமார் 12 லட்சம். அதில் மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். மொத்த ஏகேடி இரண்டிலும் சமம். ஒரே குப்பி, ஒரே நாள், ஒரே ஜெல். நான்கு தடவை செய்துவிட்டேன், நான்கு தடவையும் இதே கதை.

வழிகாட்டி "உன் ஸ்டாக் (அடர் மருந்துக் கரைசல்) கெட்டுப்போயிருக்கும்" என்கிறார். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் சோடியம் ஃபுளோரைடு 50 மில்லிமோலார், ஆர்த்தோவனடேட் 1, இடிடிஏ 5, பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 இருக்கின்றன.

பழைய_பஃபர்

ஸ்டாக்கை எதில் கரைத்தீர்கள், எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

அதைவிட என் கண்ணை உறுத்துவது வேறு. வனடேட்டையும் இடிடிஏ-வையும் ஒரே பஃபரில் போட்டிருக்கிறீர்கள். வனடேட் பாஸ்பேட் மாதிரியே வேடம் போட்டு டைரோசின் பாஸ்பேட்டேஸின் பள்ளத்தில் உட்காரும், அவ்வளவுதான், நிரந்தரமாக ஒட்டாது. இடிடிஏ வந்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். டிடிடி என்ற வேதிப்பொருள் இருந்தாலும் ஒடுக்கிக் கெடுத்துவிடும். உங்கள் பஃபரில் அந்த 1 மில்லிமோலார் சும்மா பெயருக்கு இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் பெர்வனடேட்டாக மாற்றினால் கதை வேறு: அது வினையிடத்துச் சிஸ்டீனையே ஆக்சிஜனேற்றிவிடும், இடிடிஏ-வால் அதைத் திருப்ப முடியாது.

மஞ்சள்குடுவை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஆய்வகத்தில் வனடேட் ஸ்டாக் மஞ்சளாக இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. அப்படித்தான் இருக்க வேண்டுமா?

பழைய_பஃபர்

இருக்கக் கூடாது. மஞ்சள் என்றால் பத்து வனடேட் கைகோத்து டெக்காவனடேட்டாக நிற்கிறது என்று பொருள். நமக்குத் தேவை தனித்தனி வனடேட்.

200 மில்லிமோலாருக்கு நீரில் கரையுங்கள். பிஎச் 10-க்குக் கொண்டுவர அமிலம் விடும்போது, சொட்டு விழுந்த இடத்தில் பளீரென்று ஆரஞ்சு மஞ்சள் பூக்கும். பயப்படாமல் கொதிக்க வையுங்கள். நிறம் மெல்லக் கரைந்து தண்ணீர் போலாகும். அறை வெப்பத்துக்கு ஆறவிட்டுப் பிஎச் பாருங்கள், நகர்ந்திருக்கும். மறுபடி 10, மறுபடி மஞ்சள், மறுபடி கொதி. பிஎச்சும் நகராமல் நிறமும் திரும்பாமல் நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். அப்புறம் சின்னக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள்.

வேதிக்குடுவை

வனடேட் வகுப்பு அருமை, ஆனால் கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் பார்ப்பது திரியோனின். அங்கே வேலை செய்வது ஃபுளோரைடும் கிளிசரோபாஸ்பேட்டும்தான். ஸ்டாக்கும் கெட்டிருக்க வாய்ப்பில்லை. கெட்டிருந்தால் இரண்டு குழியிலும் அல்லவா விடை வராமல் போயிருக்கும்?

நள்ளிரவு, ஒரு காகிதத்தை எடுங்கள். செறிவை மறந்துவிட்டு மூலக்கூறுகளை எண்ணுவோம்.

1 நானோமோலார் என்றால் மில்லிக்கு 1 பிகோமோல். உங்கள் குழியில் 2 மில்லி. ஆக மொத்த மருந்து 2 பிகோமோல். அதற்கு மேல் ஒரு துளி கிடையாது.

இப்போது நொதி. ஒரு செல்லின் பருமன் சுமார் 2 பிகோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். செல்லுக்குள் பிபி2ஏ 1 மைக்ரோமோலார் வரை இருக்கும் என்பது பழைய மதிப்பீடு. அதையே எடுப்போம், அதாவது மைக்ரோலிட்டருக்கு 1 பிகோமோல்.

2 லட்சம் செல் என்றால் 0.4 மைக்ரோலிட்டர், அதில் 0.4 பிகோமோல் நொதி. மருந்து அதைப்போல் ஐந்து மடங்கு.

12 லட்சம் செல் என்றால் 2.4 மைக்ரோலிட்டர், 2.4 பிகோமோல் நொதி. இருக்கும் மருந்தோ 2. ஒவ்வொரு மூலக்கூறும் தவறாமல் போய் ஒட்டினாலும் நொதியில் ஒரு பகுதி சும்மா நிற்கும். சும்மா நிற்கும் அந்தக் கொஞ்சமே பாஸ்பேட்டைக் கழற்றப் போதும்.

நிரம்பிய குழியில் மருந்து வேலை செய்தது, ஆனால் ஆளுக்குப் போதாமல் தீர்ந்துபோனது.

நள்ளிரவு_ஜெல்

இதை எழுதிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம். 1 மைக்ரோமோலார் நொதி என்றால், 0.1 நானோமோலாரில் பாதி அடங்கியதாக எப்படி அளந்தார்கள்?

வேதிக்குடுவை

சோதனைக் குழாயில் நொதியை அதைவிடக் குறைவாக நீர்த்து வைத்துத்தான். இவ்வளவு இறுகப் பிடிக்கும் தடுப்பானில் ஐசி50 என்ற எண், போட்ட நொதியின் பாதி அளவுக்குக் கீழே இறங்கவே முடியாது. பாதி நொதியை மூடப் பாதி எண்ணிக்கை மூலக்கூறாவது வேண்டுமே. ஆகவே பட்டியலில் இருக்கும் 0.1 நீர்த்த குழாய்க்கான எண். செல்லுக்குள் நடப்பது தராசில் ஆளுக்கு ஆள் நிறுப்பது போன்றது.

பட்டியல் எண்ணைப் பத்தால் பெருக்குவதை நானும் செய்திருக்கிறேன். ஒரு முழு ஆண்டு.

கரைசல்

கணக்கு அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

தடுப்பான் பாஸ்பேட்டை ஏற்றாது. ஏறியதைக் கழற்றவிடாமல் மட்டும்தான் செய்யும். செல்கள் நெருக்கியடித்து நிற்கும்போது வளர்ச்சிச் சமிக்ஞை தணிந்து, 308-இல் பாஸ்பேட் ஏற்றும் வேலையே நின்றிருந்தால்? அப்போது பிபி2ஏ முழுதாக அடங்கியிருந்தாலும் பேண்ட் ஏறாது. இதே ஜெல், இதே படம், காரணம் மட்டும் வேறு. வேதிக்குடுவையின் கதைக்கும் என் கதைக்கும் உங்கள் தரவு சமமாகப் பொருந்துகிறது.

தவிர அந்த 1 மைக்ரோமோலார் உங்கள் செல்லில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம். அப்படியானால் 12 லட்சத்துக்கும் 2 பிகோமோல் போதுமே.

வேதிக்குடுவை

ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: மருந்தைக் குடிப்பது பிபி2ஏ மட்டும் இல்லை. அதன் உறவு நொதிகளான பிபி4, பிபி6 இரண்டும் ஒகடாயிக் அமிலத்தை அதே இறுக்கத்தில் பிடிக்கும். பிபி5 சற்றுத் தளர்வாக. ஊடகத்துச் சீரப் புரதங்களும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன மாற்றுக் காரணத்தைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. சோதனைதான் வேண்டும்.

அவசரக்காரன்

எதற்கு இவ்வளவு பாடு? 1 மைக்ரோமோலார் போட்டுவிடுங்கள். எல்லாம் அடங்கும். வேலை முடிந்தது.

பழைய_பஃபர்

எல்லாம் அடங்கும், அதுதான் சிக்கலே. பிபி1-உம் சேர்ந்து போகும். செல்லில் இருக்கும் செரின், திரியோனின் பாஸ்பேட்டுகளில் பெரும்பங்கைக் கழற்றுவது இந்த இரண்டும்தான். இரண்டையும் ஒருசேர அடக்கினால் நீங்கள் தேடும் பேண்டும் ஏறும், தேடாத நூறு பேண்டும் ஏறும். செல்களும் காலைத் தூக்கிக்கொண்டு உருண்டையாகிவிடும். கலிகுலின் ஏ கொடுத்துவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: பிபி1, பிபி2ஏ இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே செறிவில் அடக்குவது அது. அரை மணி நேரத்துக்குள் தட்டையாகப் படர்ந்திருந்தவை சுருங்கி மணி மணியாக நிற்கும். அந்த நிலையில் அளக்கும் ஏகேடிக்கு என்ன அர்த்தம் சொல்வீர்கள்?

அவசரக்காரன்

சரி சரி. அப்படியானால் மைக்ரோசிஸ்டின்?

பழைய_பஃபர்

நீலப்பச்சைப் பாசி தரும் நஞ்சு அது. பிபி1-இல் 273ஆம் சிஸ்டீனோடு பிணைப்பே போட்டுக்கொள்ளும், ஆனால் பெரும்பாலான செல்களுக்குள் நுழையாது. கல்லீரல் செல்லில் மட்டும் அதை உள்ளே ஏற்றிவிடும் கடத்திப் புரதம் இருக்கிறது. அதனால்தான் அது கல்லீரலைத் தாக்குகிறது. பிரேசிலின் கருவாரு நகரில் 1996-இல் டயாலிசிஸ் நீரில் கலந்து ஐம்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். விளையாட்டுப் பொருள் இல்லை. லைசிஸ் பஃபரில் சேர்க்க நல்லது, ஏனென்றால் அங்கே செல் ஏற்கெனவே உடைந்திருக்கும். வளரும் செல்லில் சோதிக்க உதவாது.

ஒகடாயிக் அமிலமும் அப்படித்தான், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடற்பஞ்சில் கண்டெடுத்து அதன் பெயரை வைத்தாலும், உண்டாக்குவது கடலில் மிதக்கும் ஒற்றைச்செல் பாசி. சிப்பி தின்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான்.

மஞ்சள்குடுவை

மறுபடியும் வழிமாறிய கேள்வி. கைனேஸ் மருந்துகள் 2001-இல் இமாடினிப் வந்ததிலிருந்து வரிசையாக வருகின்றன. பாஸ்பேட்டேஸ் பக்கம் ஏன் காலியாகக் கிடக்கிறது? கைனேஸ் எதிரணி என்றால் பாஸ்பேட்டேஸும் அதே அளவு முக்கியம்தானே?

வேதிக்குடுவை

முழுக்கக் காலி இல்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சையே ஒரு பாஸ்பேட்டேஸ் தடுப்பானின் தோளில்தான் நிற்கிறது. சைக்ளோஸ்போரினும் எஃப்கே506-உம் அடக்குவது கால்சினியூரினை. வேடிக்கை என்னவென்றால், மருந்து உடலுக்குள் போய் வெகுகாலம் ஆன பிறகு, 1991-இல்தான் அதன் இலக்கு இது என்று தெரிந்தது. அவை தனியாகக் கால்சினியூரினைத் தொடாது. சைக்ளோஸ்போரின் முதலில் சைக்ளோஃபிலினைப் பிடிக்கும், எஃப்கே506 தன் ஆளான எஃப்கேபிபி12-ஐப் பிடிக்கும்; அந்த ஜோடி போய் நொதியின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். வினையிடத்துக்குள் போகாது. அதனால் என்ஃபாட் போன்ற பெரிய புரதம் உள்ளே வர முடியாது, ஆனால் பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் போன்ற பொடிசு நுழைந்துவிடும். அந்தப் பொடிசு உடைந்து மஞ்சளாவதைப் பார்க்கும் சோதனையை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் "இது தடுப்பானே இல்லை" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

டைரோசின் பக்கம் வந்தால் நிலைமை கடினம். பிடிபி1பி என்ற டைரோசின் பாஸ்பேட்டேஸை எடுங்கள். 1999-இல் அந்த மரபணு இல்லாத எலிகளைக் காட்டினார்கள்: இன்சுலினுக்கு நன்றாகப் பணிந்தன, கொழுப்புத் தீனி போட்டும் பெருக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். ஆனால் வினையிடப் பள்ளம் எதிர்மின்னேற்றப் பாஸ்பேட்டுக்காகவே செய்தது. அங்கே நன்றாக உட்காரும் மூலக்கூறும் மின்னேற்றத்தோடுதான் இருக்கும். மின்னேற்றத்தோடு செல்சவ்வைத் தாண்ட முடியாது. தாண்டும்படி மாற்றினால் பள்ளத்தில் உட்காராது. அதோடு, அதே பள்ளம் அண்ணன் தம்பி நொதிகள் எல்லாவற்றிலும் அச்சு அசலாக இருக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில் நானே விழுந்தேன். பிடிபி1பி-யின் வேலையைச் செய்வது 215ஆம் சிஸ்டீன். அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். குவினோன் வகைச் சேர்மங்கள் சோதனைக் குழாயில் இருக்கும் டிடிடி-யோடு சுற்றிச் சுற்றி வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கும். அந்தப் பெராக்சைடு சிஸ்டீனைக் கெடுக்கும். நமக்குத் திரையில் தெரிவதோ "அருமையான தடுப்பான்". நான் ஆறு சேர்மத்தை உச்சியில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து குழாயில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் கொஞ்சம் விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். ஆறில் ஐந்து அப்படியே உயிர்விட்டன.

வழி திறந்தது எஸ்எச்பி2 என்ற இன்னொரு டைரோசின் பாஸ்பேட்டேஸில். அந்த நொதி சும்மா இருக்கும்போது தன் முன்கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். 2016-இல் வந்த எஸ்எச்பி099 வினையிடத்தைத் தொடவே இல்லை. பொத்திய கைக்கும் வாய்க்கும் நடுவே இருந்த சுரங்கத்தில் புகுந்து, கையை எடுக்கவிடாமல் ஒட்டிவிட்டது. ஐசி50 சுமார் 71 நானோமோலார். பாஸ்பேட் மாதிரி வேடம் போட வேண்டிய கட்டாயம் இல்லாததால் வாயால் விழுங்கும் மருந்தாகவும் முடிந்தது. 76ஆம் குளூட்டமேட் லைசீனாக மாறிய வடிவம் எப்போதும் கையை எடுத்தபடியே இருக்கும். அதை இந்த மருந்து அவ்வளவாகப் பிடிக்காது. செயல்முறை சரிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

கரைசல்

எதிர்ப்பக்கமும் சொல்லிவிட வேண்டும். குவானபென்ஸ், செஃபின்1 என்ற இரண்டு சேர்மங்களும் பிபி1-ஐ விட்டுவிட்டு அதன் துணைப்புரதம் ஒன்றை மட்டும் பிரிக்கும் என்று 2011-இலும் 2015-இலும் வந்தது. பின்னால் வேறு ஆய்வகங்கள் தூய புரதத்தை வைத்துப் பார்த்தபோது அந்தச் செயல்முறை நிற்கவில்லை. செல்லில் விளைவு தெரிவது ஒன்று, அந்த விளைவு இந்த நொதியால்தான் வந்தது என்பது வேறு ஒன்று. நள்ளிரவின் ஜெல்லும் இதே கேள்விதான்.

பழைய_பஃபர்

இந்தத் துறைக்கே பெயர் விஷயத்தில் ராசி இல்லை. கெர்ட்டி கோரியும் ஆர்டா கிரீனும் 1943-இல் பாஸ்போரிலேஸை மாற்றும் நொதியைக் கண்டபோது, ஏதோ துணைக்கூறைக் கழற்றுகிறது என்று நினைத்து பிஆர் நொதி என்று பெயர் வைத்தார்கள். கழற்றியது பாஸ்பேட்டை என்று பின்னால்தான் தெரிந்தது. கையில் பாஸ்பேட்டேஸை வைத்துக்கொண்டே அது பாஸ்பேட்டேஸ் என்று தெரியாமல் இருந்த காலம்.

சரி, நள்ளிரவு எங்கே போனார்?

நள்ளிரவு_ஜெல்

இருக்கிறேன், படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன சோதனை செய்யலாம் என்று சொல்லுங்கள்.

கரைசல்

ஊடகத்தை இடம் மாற்றுங்கள். நிரம்பிய குழியில் 1 நானோமோலார் கொடுத்து 16 மணி நேரம் கழித்து, அந்த ஊடகத்தை எடுத்துப் புதிய 2 லட்சம் செல் மேல் ஊற்றுங்கள். மருந்து உறிஞ்சப்பட்டிருந்தால் பேண்ட் ஏறாது. என் மாற்றுக் காரணம் சரியென்றால் மருந்து அப்படியே மிச்சமிருக்கும், பேண்ட் ஏறும்.

மூன்று ஒப்பீடு கட்டாயம். ஒன்று, செல்லே இல்லாத குழியில் 16 மணி நேரம் வைத்த மருந்து ஊடகம். பிளாஸ்டிக்கில் ஒட்டிப் போகிறதா என்று தெரியும். இரண்டு, மருந்தில்லாமல் நிரம்பிய குழியில் கிடந்த ஊடகம். செல்கள் விட்ட காரணிகளே ஏகேடியைத் தூண்டலாம். மூன்று, அதே பழைய ஊடகத்தில் புதிதாக 1 நானோமோலார் சேர்த்தது. பழைய ஊடகத்தில் சத்துத் தீர்ந்துபோய் பேண்ட் ஏறவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது அல்லவா.

வேதிக்குடுவை

அதோடு ஒகடாயிக் அமிலத்தின் செயலற்ற உறவான நார்ஒகடாவோன் கிடைத்தால் அதையும் ஓட்டுங்கள். நிரம்பிய குழியில் கலிகுலின் 15 நிமிடம் கொடுத்தும் பாருங்கள். 308 ஏறினால் அங்கே கைனேஸ் உயிரோடுதான் இருக்கிறது.

நள்ளிரவு_ஜெல் (11 நாள் கழித்து)

முடித்துவிட்டேன். மூன்று முறை.

செல்லில்லாத குழி ஊடகம்: பேண்ட் தடிமனாக ஏறியது. பிளாஸ்டிக் குற்றவாளி இல்லை.
நிரம்பிய குழியின் மருந்து ஊடகம்: கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு நிழல்.
நிரம்பிய குழியின் மருந்தில்லா ஊடகம்: அதே நிழல்.
அதில் புதிதாக மருந்து சேர்த்தது: தடிமன்.

நிரம்பிய குழியில் கலிகுலின் கொடுத்ததும் 308 நன்றாகவே ஏறியது. பிறகு அதே நிரம்பிய குழியில் ஒகடாயிக் அமிலத்தை 1, 2, 5, 10 என்று ஏற்றினேன். 1-இல் ஒன்றுமில்லை, 2-இல் தொடக்கம், 5-இல் முழுசாக. செல்கள் உருளவில்லை.

இனிமேல் செறிவோடு சேர்த்து "பத்து லட்சம் செல்லுக்கு இத்தனை பிகோமோல்" என்றும் குறிப்பேட்டில் எழுதப்போகிறேன். வழிகாட்டியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி, இது பிபி4 இல்லை என்று எப்படிச் சொல்வாய்?" என்றார்.

கரைசல்

நல்ல வழிகாட்டி. என் மாற்றுக் காரணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிபி4-க்கு இந்த மருந்தில் பதில் கிடைக்காது. மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ-வுக்குப் போங்கள். பிபி2ஏ-வின் வினைத்துண்டுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு மரபணு இருக்கிறது, இரண்டையும் தட்ட வேண்டும். அதைவிட பி55 ஆல்ஃபா துணைத்துண்டைத் தனியாகத் தட்டுவது நல்லது. 308-ஐத் தேடிப் பிடிப்பது அந்தத் துண்டுதான்.

மஞ்சள்குடுவை

என் பக்கத்துச் செய்தி: பழைய மஞ்சள் ஸ்டாக்கைக் கழிவில் சேர்த்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். நான்காவது கொதியில் நிறம் போனது. ஆறவிட்டுப் பார்த்தேன், பிஎச் 10.0. பத்து நிமிடம் மின்முனையை எடுக்காமல் நின்று பார்த்தேன், நகரவில்லை.